ஐதரசனை உலையில் வைக்கச் சொன்ன மஷூர்

அன்பு மருமகள் விஜயகலாவுக்கு, குருவிட்டையிலிருந்து உன்னை வளர்த்த தாய்மாமன் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மா அழகம்மாவும் முருகன் புண்ணியத்தில் சுகம், அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கவேண்டும். தென்னாபிரிக்காப் பாலைவனத்தில் வானத்தை ஒட்டுக்கேட்கும் அந்த ரேடியோச் சட்டிகளுக்குப் பக்கத்தில் போனைக்கூடத் திறக்கக் கூடாதாம், இந்தக் காலத்திலும் என்னைக் கடிதம் எழுத வைத்துவிட்டாய். நம் பால்வீதிக்குப் பக்கத்திலிருக்கும் குட்டிப் பால்வீதி ஒன்றில் குளிர்ந்த ஐதரசன் வாயு குவிந்து கிடக்கிறது, ஆனால் நட்சத்திரம் பிறக்கக் காணோம், ஏனென்று பார்க்க இன்னும் இரண்டு வருஷம் வேண்டும் என்கிறாய். வீடு நிறைய அரிசி இருந்தும் அடுப்பு மூட்டாத ஒரு சோம்பேறிக்காகவா இரண்டு வருஷம்? உன் அம்மாவோ, தோட்டத்துப் பாடசாலையில் விஞ்ஞான டீச்சர் இடம் காலியாக இருக்கிறது, நீ தையில் வந்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள்.

அந்த விஷயத்தைக் கேள். ஞாயிற்றுக்கிழமை தேத்தண்ணிக் கடையில் பாடசாலை அதிபர் என்னிடம், "மருமக வருவாங்களா, இல்ல வேற ஆளோட பேர அனுப்பட்டுமா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் இரத்தினக்கல் வியாபாரி மஷூர் பல்லை இளித்துக்கொண்டு, "பெரிய பால்வீதியெல்லாம் வெள்ளக்காரனுக்கு, குட்டியத் தூக்கி நம்ம புள்ளக்கிட்ட குடுத்தீக்காங்க. வாயு குளிர்ந்து கெடந்தா சூடு காட்டச் சொல்லுங்க நாகலிங்கம் அண்ணே, நட்சத்திரம் தானா வரும்" என்றான். கடையே சிரித்தது. பால் நிறக் கியூடா கல்லை உலையில் போட்டு நீலக்கல்லாக்கி விற்கிறவனுக்கு வானமும் ஓர் உலைதானே! "அட மடையா, சூடேத்தினா வாயு சிதறி ஓடும், குளிர்ந்து ஒடுங்கினாத்தான் நட்சத்திரம்" என்று, நீ எழுதியதையே நான் கையால் தொட்டுப் பார்த்தவன் மாதிரி மேசையில் தட்டிச் சொன்னேன். அதோடு விட்டேனா? உன் சட்டி ஒவ்வொன்றும் தேயிலைத் தொழிற்சாலையை விடப் பெரிசு, நீ தலையசைக்காமல் அங்கே ஒரு வெள்ளைக்காரனும் சுவிட்சில் கை வைப்பதில்லை என்றேன். சூட்டோடு சூடாக அதிபரைப் பார்த்து, "அவ வரமாட்டா சேர், வேற ஆளப் பாருங்க" என்றும் சொல்லிவிட்டேன். மறுநாளே வரக்காப்பொல ஊர்ப் பிள்ளை ஒன்றின் பேரை அவர் அனுப்பிவிட்டார்.

ஆகவே இங்கே உனக்கு வேலையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்தச் சோம்பேறிக் குட்டியின் சங்கதியைக் கண்டுபிடிக்காமல் இந்தப் பக்கம் தலை காட்டாதே, நான் தினமும் மஷூர் முகத்தில் விழிக்கவேண்டும். பாலைவனக் குளிருக்குக் கம்பளிச் சட்டை போடு. நீ நோய்நொடி இல்லாமல், நினைத்ததை முடித்து, நூறு வயது வாழ்வாய். ஒன்றை மறந்துவிடாதே. டீச்சர் இடம் போனது உன் அம்மாவுக்கு இன்னும் தெரியாது. அதை மட்டும் நீயே அவளுக்கு எழுதிவிடு, எனக்கு நேரமில்லை. வாசித்ததும் அழுவாள். அழட்டும், பக்கத்தில் நான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் மாமன்
சி. நாகலிங்கம்