திரைக்கு வந்துவிட்ட வரி

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே என்றால் கேட்கவா போகிறாய்! நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

இங்கே நான் எழுதும் புரோகிராமைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பெட்டி மாதிரி ஓரிடத்தில் அடைத்துத்தான் ஓட்ட வேண்டும். வெளியே எதையும் அது தொடக்கூடாது. அதனால் உள்ளே ஓடியும் திரையில் ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில், சோதனை வரியாக ‘அம்மாவைப் பார்க்கணும்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

நேற்று மேலாளர் வந்து, பெட்டியிலிருந்து திரைக்கு வழிவிடும் கட்டளையைத் தட்டினார். திரை முழுக்க அந்த வரி!

“என்னப்பா, லீவு லெட்டரா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். “இந்த வேலை முடியட்டும், பார்க்கலாம்.” போன வருடமும் இதையேதான் சொன்னார்.

அடுத்த முறை பேசும்போது போனை வாசல் பக்கம் திருப்பி வை, தெருவைப் பார்க்கிறேன். இந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

மேலாளர் கூப்பிடுகிறார். அவருக்கு வேறு வரி போட்டுக் கொடுத்துவிட்டேன். பழையது திரைக்கு வரும் வழியை மட்டும் அடைத்தேன்; அதை நிறுத்த மனம் வரவில்லை. யார் கண்ணிலும் படாமல், பெட்டிக்குள் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

உன் மகன்