மெதுவாக ஓடும் டேப்

ஜாக்சன், மிசிசிப்பி
11 அக்டோபர் 1998, ஞாயிறு

என் கண்ணு கோர்டெலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் உன் தங்கை ஷனீஸும் இந்த நிமிடம்வரை சுகம், ஹூஸ்டனில் நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் கூப்பிடாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய், படித்தால் தெரியும். வீட்டு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, ஜன்னல் இல்லாத குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன், கையெழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கம்பெனியையும் கெஞ்சாமல் உன் ராப் ஆல்பத்தை நீயே போட்டாய், கார் டிக்கியில் வைத்து நீயே விற்றாய், இங்கே அலோன்சோவின் முடிவெட்டும் கடையில் மூன்று வாரத்தில் இரண்டு பெட்டி காலி. பதினாறு வயதில் உன்னைப் பெற்றபோது என்னென்னவோ சொன்னவர்கள் இன்று நிறுத்தி நிறுத்தி விசாரிக்கிறார்கள். எங்கம்மாவும் பாட்டுல இருக்காங்க என்று ஷனீஸ் பள்ளி முழுக்கச் சொல்லிவிட்டாள். அதுதான் கண்ணு என் கவலையே. ஆள் இல்லாதபோது பேச்சைப் பதிந்துவைக்கும் போன் மெஷினில் அம்மா பேசிவைத்ததைப் பாட்டுக்கு நடுவில் போடுவது ராப் பாடுகிற உங்களுக்கெல்லாம் ஒரு வழக்கம், தெரியும். சாப்பிட்டாயா, சர்ச்சுக்குப் போனாயா என்று நான் கேட்டது ஆயிரம் இருந்திருக்குமே, ராய் டேட் சுடப்பட்டுச் செத்த அன்று பேசியதுதானா உனக்குக் கிடைத்தது?

கார் கழுவும் இடத்துக்கு எதிரே பஸ்ஸுக்கு நின்றவள் நான். நம் தெரு லியான் ராயைச் சுட்டதை இந்தக் கண்ணால் பார்த்தேன். போலீஸ் கேட்டபோது ஒன்றும் பார்க்கவில்லை என்றேன், வீட்டுக்கு வந்து உன் மெஷினில் மட்டும் எல்லாவற்றையும் கொட்டினேன். நீ அவன் பேர் வரும் இடத்தில் ட்ரம்ஸை ஏற்றி மறைத்தாய், ஒப்புக்கொள்கிறேன், நானே பத்து தரம் கேட்டேன், பேர் காதில் விழவில்லை. ஆனால் ஹூஸ்டன் வழக்கப்படி அதே ஆல்பத்தை ஒரு டிஜேயிடம் கொடுத்து, வேகத்தைக் குறைத்து இன்னொரு டேப் போட்டாயே, அதை யாராவது முழுதாகக் கேட்டீர்களா? இழுத்து ஓட்டும்போது ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இடம் விழுகிறது, அந்த இடத்தில் லியான் பேர் தெளிவாக வந்து நிற்கிறது. என் குரல் ஆம்பளைக் குரலாகக் கனத்திருக்கிறது, ஆனாலும் என் குரல்தான் என்று ஊருக்கே தெரியும்.

வியாழக்கிழமை அலோன்சோ என்னைக் கூப்பிட்டனுப்பினார். யோலான்டா, அந்த மெதுவா ஓடுற டேப்பையெல்லாம் உள்ள தூக்கி வச்சிட்டேன்மா, உம் புள்ளைக்கு மூளை இருக்கா, இல்ல அதையும் டிக்கியில வச்சு வித்துட்டானா என்று கேட்டார். முடிவெட்ட உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. நேற்று மத்தியானம் வேலியோரம் ஒரு கார் நின்றது, அதன் ஸ்பீக்கர் அடித்த அடியில் என் அலமாரி டம்ளரெல்லாம் கிணுகிணுத்தன. உன் மெதுவான டேப்தான் ஓடியது. லியான் இறங்கி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு மரியாதையாக நின்றான். மிஸ் யோலான்டா, கோர்டெல் டேப் பிரமாதம், நீங்களும் நல்லாத்தான் பேசியிருக்கீங்க என்றான். போகிற போக்கில், நம்ம ஷனீஸ் பாப்பா எந்த பஸ்ல ஸ்கூலுக்குப் போகுது என்றும் கேட்டான்.  அவன் போனதும் கதவைத் தாழிட்டு, டம்ளரையெல்லாம் இறக்கித் தரையில் வைத்தேன்.

இன்று சர்ச்சில் ராயின் அம்மா மிஸஸ் டேட் என் கையைப் பிடித்தார். அவரும் அந்த டேப்பைக் கேட்டிருக்கிறார். எம் புள்ள போன எட்டு மாசமா எம் பக்கத்துலதானே உக்காந்து பாடுன என்றார், அவ்வளவுதான், திட்டக்கூட இல்லை. லியான் கேட்டதைவிட அது என்னைப் பிய்த்துப்போட்டது.

அதனால் இப்படி முடிவு செய்திருக்கிறேன். விடிந்ததும் ஷனீஸை மொபீல் நகரத்தில் உன் சித்தி வீட்டில் விட்டுவிடுவேன். செவ்வாய் காலை திரும்பி வந்து மிஸஸ் டேட்டோடு போலீஸுக்குப் போகிறேன். பயம் இல்லையென்று நினைக்காதே. ஆனால் இனி நான் பேசாமல் இருந்தாலும் அந்த டேப் பேசிக்கொண்டேதான் இருக்கும். இத்தனை மாதம் எங்கே போனாய், மகன் பாட்டு விற்கக் கதை கட்டுகிறாயா என்று அவர்கள் கேட்பார்கள். ஆகவே போன் மெஷினில் இருந்த அந்தச் சின்ன டேப்பை அழித்துவிடாதே. என் பேச்சு முடிந்ததும் மெஷினே கிழமையும் மணியும் சொல்லியிருக்கும், நான் அன்றே சொன்னதற்கு அதுதான் சாட்சி. பத்திரமாக வை, நான் சொல்லும் ஆளைத் தவிர யாரிடமும் கொடுக்காதே. உன்மேல் கோபம் உண்டு, இறங்க நாளாகும், ஆனால் நீ கிளம்பி இங்கே வந்துவிடாதே.

வேளைக்குச் சாப்பிடு, டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு கண்ட இடத்தில் தனியாக நிற்காதே. ஆண்டவர் கை உன் தலைமேலேயே இருக்கட்டும். வெள்ளி ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடுவேன், அதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்திருக்கும், முதல் மணியிலேயே நீயே எடு. மெஷின் எடுத்தால் வைத்துவிடுவேன், அதில் இனி ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேச வேண்டியதை இந்தத் தடவை பேச வேண்டிய இடத்தில் பேசிவிட்டுத்தான் உன்னைக் கூப்பிடுவேன்.

உன் அம்மா,
யோலான்டா