ஏசத் தெரியாத கங்காணி

என் அன்புக் கணவருக்கு,

அந்த மறுவாழ்வு நிலையத்தில் போன் தரமாட்டார்களாம், அதனால் எழுதுகிறேன். கை நடுக்கம் குறைந்ததா?

நீங்கள் போன மறுவாரம் என்னைத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்களுக்குக் கங்காணியாகப் போட்டார்கள். "ஏசத் தெரியாத பொம்பள, ஒரு மாசம் தாங்குமா?" என்று கங்காணிகளை மேய்க்கும் கண்டாக்கு ஐயா, காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் எல்லோர் முன்னும் சிரித்தார். எனக்கு ஏச்சு வரவில்லை. ஒவ்வொருவரிடமும் கண்ணில் பட்ட நல்லதைச் சொன்னேன். எப்போதும் பின்தங்கித் திட்டு வாங்கும் மரியநாயகி அக்காவிடம், "ஒங்க கூடையில ஒரு முத்தல் எல கூட இல்லக்கா" என்றேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த மலையில என்னைய யாரும் இப்படிச் சொன்னதில்ல தங்கச்சி" என்றார். மறுநாள் முதல் ஆளாக மலையேறினார்.

இந்த மாதம் எல்லாக் கூட்டத்தையும்விட எங்கள் கொழுந்துதான் அதிகம்! தோட்டத்துத் தொரையே பெரட்டுக்கு வந்து, "இனி இவங்கதான் நிரந்தரக் கங்காணி" என்றார். பெண்கள் கூடைகளைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். கண்டாக்கு ஐயாவும் கைதட்டினார்.

உங்களைப் பார்த்துவிட்டு வந்த அண்ணன் ஒன்று சொன்னார். புதிதாக வந்து அழுத ஒருவரின் கையைப் பிடித்து நீங்கள்தான் தேற்றினீர்களாம். கேட்டதும் உங்களிடம் சொல்லத் தோன்றியது: "நீங்க தங்கமான மனுசங்க. இந்தத் தடவ குடிய ஜெயிச்சிட்டீங்க."

இப்படிக்கு,
உங்கள் கங்காணி