கட்டைகளில் எழுதிய நம்பர்

உங்களுக்கு வணக்கம். மூட்டுவலி தேவலையா? பெரிய பேத்தி கீபோர்டு பரீட்சையில் முதலாவதாகத் தேறினாள், நம்ம ரத்தமாச்சே! சின்னவள் ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கினாள். நம் மகளுக்கு ஆபீசில் பதவி உயர்வு.

எல்லாரும் வெளியே போனபின் நானும் கீபோர்டு வாசித்துப் பழகுகிறேன். அடையாளத்துக்குக் கட்டைகளில் பேனாவால் நம்பர் எழுதினேன். தேய்த்தும் அழியவில்லை. சின்னவள்தான் கிறுக்கினாள் என்று மகள் அவளை அடித்துவிட்டாள். "இந்த வயசில் இதெல்லாமா" என்பாளே என்று நான் வாயே திறக்கவில்லை.

அப்புறம் சின்னவள் என் காதில், "ஏழுக்குக் குறுக்கே கோடு போடுறது நீதானே பாட்டி? நான் யார்கிட்டயும் சொல்லலை" என்றாள். கூனிக் குறுகிப்போனேன்.

இன்று மகளிடம் சொல்லிவிடுவேன். அவள் வரும் நேரம், முடிக்கிறேன். சிரித்த முகமாக ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் அனுப்புங்கள். இங்கிருக்கும் படத்தில் முறைக்கிறீர்கள். இரண்டு நாளாகக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.