காய்ச்சல் என்று எழுதச் சொன்னவன்

என் மாமு ஜோசப்புக்கு,

கல்லறைத் திருநாளுக்கு உன் மனைவி மேரியோடு உன்னிடம் வந்தேன். மெழுகுவத்தி ஏற்றும்போது, "யாராண்டயும் ஒரு வார்த்த சொல்லாம பூட்டாரே அண்ணே" என்று அழுதாள். பக்கத்தில் நின்ற நான் வாயே திறக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். நம் போலீஸ் துறையில் யார் படித்தாலும் படிக்கட்டும்.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரி மோதிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியவன் நீ. குழந்தை பிழைக்கவில்லை. மறுநாளே உன்னை அதே இடத்தில் டூட்டிக்கு நிறுத்தினார்கள். நீயும் ஏன் என்று கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஸ்டேஷன் ரைட்டரான என் மேஜைக்கு உன் லீவு கடிதம் வந்தது. மனசு சரியில்லை, தூக்கம் வரவில்லை, பத்து நாள் விடுப்பு வேண்டும் என்று எழுதியிருந்தாய்.

"இன்னா மாமு இது? லூசுன்னு பேர் வெச்சுடுவானுங்க. பிரமோஷன் அவ்ளோதான். காய்ச்சல்னு எழுது."

"காய்ச்சல் இல்லியேடா."

"அல்லாரும் அப்டித்தான் எழுதிகினுகீறாங்க."

முதல் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, வேறு தாளில் எழுதிக் கொடுத்தாய். காய்ச்சலுக்கு இரண்டு நாள் கிடைத்தது. திரும்பி வந்தபோது, "இன்னா, காய்ச்சல் வுட்டுச்சா?" என்று நானே கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். அந்த வாரமே உன் உயிரை நீயே மாய்த்துக்கொண்டாய். உன் நல்லதுக்கு என்று நினைத்துத்தான் சொன்னேன் மாமு, சத்தியமாக.

போன மாதம் கலா என்ற கான்ஸ்டபிள் ஒரு கடிதம் நீட்டினாள். கிட்டத்தட்ட உன் வார்த்தைகளேதான். "ஏட்டய்யா, காய்ச்சல்னு மாத்திடட்டுமா?" என்று அவளே கேட்டாள். மாற்றாதே என்றேன். அதை அப்படியே புது இன்ஸ்பெக்டர் மேடத்திடம் கொண்டுபோனேன். நீ கசக்கிப் போட்ட பழைய தாளையும் கூடவே வைத்தேன். அன்று அதை எடுத்து டிராயரில் போட்டிருந்தேன். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மேடம் இரண்டையும் படித்தார். "இதை அன்னிக்கு யார் படிச்சாங்க?"

"நான் மட்டும்தான், மேடம்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. கலாவின் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, மனநல டாக்டரிடம் தானே பேசினார். மறுநாள் ரோல் காலில் எல்லோர் முன்னாலும், "தூக்கம் வரலைன்னா அப்படியே எழுதுங்க. மேல நான் பதில் சொல்லிக்கறேன்" என்றார். அன்று இப்படிச் சொல்ல ஒருவர் இருந்திருந்தால், நீ இருந்திருப்பாயா?

கலா நேற்று டூட்டிக்குத் திரும்பிவிட்டாள். உன் மகள் ஸ்டெல்லா நர்சிங் சேர்ந்திருக்கிறாள். கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, பிறகு தானே இழுத்து வைத்துக்கொள்கிறாள், உன்னை மாதிரியே.

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் உன் பழைய தாளை மேரியிடம் கொடுப்பேன். இனி அந்த வீட்டுக்குள் என்னை விடுவாளோ மாட்டாளோ, தெரியாது. விடாவிட்டாலும் சரி. நீ சொல்லாமல் போகவில்லை, எழுதியே கொடுத்தாய் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

உன் மகளுக்கு மாமன்,
செல்வம்