மூன்றில் இரண்டு பங்கு பி.ஏ.

12-6-1971, சனிக்கிழமை

தமிழில் தேறிவிட்டேன். வரலாற்றில் முதல் வகுப்பு. ஆங்கிலத்தில் பெயில். மூன்று பகுதியும் தேறினால்தான் பட்டம் தருவார்கள்; ஒன்று போனாலும் பி.ஏ. கிடையாது. நேற்று அப்பாவிடம் இதைச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

இன்று பாப்பிரெட்டிப்பட்டி சந்தையில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "எங்க பையன் மூணுல ரெண்டு பங்கு பி.ஏ. முடிச்சிட்டானுங்க. ரெண்டு போகம் வூடு வந்து சேந்துடுச்சு, ஒரு போகந்தான் பாக்கி" என்றார். வெற்றிலைக்கடைக்காரர், "அப்ப ரெண்டு பங்கு வேலையாவது குடுப்பாங்களுங்களே" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "ஏம்ப்பா இப்படிச் சொல்லிட்டுத் திரியறீங்க? நேத்தே வெவரமாச் சொன்னேன் இல்ல?"

"பெயிலுன்னு சொல்ல வாய் வரல சாமி" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

செப்டம்பரில் ஆங்கிலத்தை மறுபடி எழுதலாம். இங்கே யாரிடம் கேட்டுப் படிப்பது?

இந்த ஊரில் அந்த பெயிலுக்கு அர்த்தம் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்று காலைவரை நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் தெரிந்திருக்கிறது. அவருக்குப் புரியாமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.