இரண்டாவது புள்ளடி

ஓர்ஸ் ஹில்,
திருகோணமலை.
14.02.1960

அன்புள்ள ஜவாஹிர்,

மைமூனாவும் பிள்ளைகளும் சுகமென நம்புகிறேன். லாஞ்சிப் படகில் அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது. சொல்லாமல் அனுப்பியதற்கு உம்மோடு கோபம்.

விஷயம் தேர்தல். நம் தொகுதிக்கு இனி இரண்டு அங்கத்தவர், வாக்குச்சீட்டில் ஆளுக்கு இரண்டு புள்ளடி. இரண்டையும் ஒருவருக்கே போடலாம், பிரித்தும் போடலாம். எங்கள் கட்சிக் கமிட்டி உங்கள் ஆட்களோடு பேசி முடித்துவிட்டது. எங்கள் சின்னம் மணிக்கூட்டுக்கு ஒன்று, உங்கள் சின்னம் குடைக்கு ஒன்று. இரண்டு பக்கமும் அப்படியே போட்டால் இருவரும் வெல்லலாம். என் ஊர் இலங்கைத்துறை என் பொறுப்பு. மூதூரில் நீர் சொன்னால்தான் சனம் கேட்கும்.

உமது,
சோமு

மூதூர்
28.02.1960

அன்பின் சோமு,

கருவாட்டுக்குக் கோபமென்றால் அடுத்த முறை இறால் வரும்.

நீர் எழுதியது லேசு, செய்வது லேசில்லை. சீமெந்துப் பை கிழித்த தாளில் மணிக்கூடும் குடையும் வரைந்து, கரித்துண்டு கொடுத்து, வீடு வீடாகப் பழக்குகிறேன். மைமூனா பெண்களுக்குப் பழக்குகிறாள். பாதிப் பேர் இரண்டு புள்ளடியையும் குடையிலேயே கீறுகிறார்கள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும்போது எங்கள் ஊர்ப் பெரியவர் ஸைனுலாப்தீன் காக்கா எல்லோர் முன்னாலும் மறித்தார். "தம்பி, நாம குடுப்பம். அவங்க தராட்டி?"

"தராட்டி என்ட முகத்தில துப்புங்க காக்கா," என்று அவர் கையில் அடித்துச் சொன்னேன். அதன்பிறகுதான் சனம் அடங்கியது. அங்கே எல்லாம் ஒழுங்குதானே? ஒரு வரி எழுதும்.

உமது,
ஜவாஹிர்

ஓர்ஸ் ஹில்
16.03.1960

அன்புள்ள ஜவாஹிர்,

ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம். பேசியபடிதான். வேலை அதிகம், பிறகு எழுதுகிறேன்.

சோமு

மூதூர்
24.03.1960

அன்பின் சோமு,

வாக்கு எண்ணிய இடத்தில் உம்மைத் தேடினேன். முன்னேரமே போய்விட்டீர் என்றார்கள்.

எங்கள் பக்கம் வாக்களித்தவர்கள் ஏறத்தாழ ஆறாயிரத்து இருநூறு பேர். குடைக்கு விழுந்தது ஆறாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். உங்கள் ஐயாயிரம் பேரில் நூறு பேராவது எங்களுக்குப் போட்டார்களா என்று தெரியவில்லை. மணிக்கூட்டுக்குப் பதினாறாயிரம். அதில் எங்கள் ஆறாயிரமும் இருக்கிறது. இடையில் நின்ற மூன்றாவது ஆள் ஏழாயிரத்தோடு இரண்டாவது அங்கத்தவராக உள்ளே போய்விட்டார்.

பேசியபடி நடந்திருந்தால் இருவரும் பதினோராயிரத்தோடு வென்றிருப்பார்கள். உங்கள் ஆளுக்கு அந்த மிச்சம் ஐயாயிரம் எதற்கு?

நேற்று இறங்குதுறையில் ஸைனுலாப்தீன் காக்கா என் முன்னால் வந்து நின்றார். துப்பவில்லை. என் முகத்தைப் பார்த்தார். எச்சிலை விழுங்கிக்கொண்டு போய்விட்டார். துப்பியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கட்சிகள் செய்வதைக் கட்சிகள் செய்யும். நீர் என்ன செய்தீர்? அதை மட்டும் எழுதும்.

ஜவாஹிர்

ஓர்ஸ் ஹில்
08.05.1960

அன்புள்ள ஜவாஹிர்,

ஆறு வாரம் கடத்திவிட்டேன். மார்ச் பதின்மூன்றாம் திகதி கமிட்டி கூடியது. "அவங்கள் ரெண்டையும் குடைக்குத்தான் போடுவாங்கள், நாங்கள் மட்டும் ஏமாளியளோ?" என்று ஒருவர் தொடங்கினார். ஒருவரும் மறுக்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இரண்டும் மணிக்கூட்டுக்கே என்று முடிவானது. வெளியில் சொல்லக்கூடாது என்றார்கள். மூன்று நாள் கழித்து உமக்கு அந்த ஒரு வரியை எழுதினேன்.

இலங்கைத்துறையில் வீடு வீடாகப் போனவன் நான்தான். புஸ்பராணி என்றொரு பெண், மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து கேட்டாள். "மூதூராருக்கு ஒண்டு எண்டு போன மாசம் நீங்கள்தானே அண்ணை சொன்னனீங்கள்?" "அது மாறிப்போச்சு" என்றேன். அவள் திரும்ப மீனை வெட்டத் தொடங்கினாள். என் இரண்டு புள்ளடியும் மணிக்கூட்டுக்கே.

பாராளுமன்றம் கலைந்துவிட்டது. யூலையில் மறுபடி தேர்தல். உங்கள் சனம் இம்முறை ஒன்றும் தராது என்று கமிட்டிக்குப் பயம். உமக்கு எழுதும்படி என்னிடம் சொன்னார்கள். இம்முறை நிச்சயமாகப் பேசியபடிதானாம். எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதிவிட்டேன்.

உமது,
சோமு

மூதூர்
24.07.1960

மதிப்புக்குரிய சோமசேகரம் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் மே மாதமே கிடைத்தது. தேர்தல் முடியட்டும் என்றிருந்தேன்.

இம்முறை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்பார் இல்லை. எங்கள் ஊர் இரண்டையும் குடைக்கே போட்டது. உங்கள் ஊர் இரண்டையும் மணிக்கூட்டுக்கே போட்டது. இருவரும் வென்றுவிட்டார்கள். ஒருவருக்கொருவர் ஒன்றும் கொடுக்காமலே வெல்லலாம் என்று இரண்டு பக்கமும் கண்டுகொண்டன. இனி உங்கள் கமிட்டி என்னைப் போன்ற ஆட்களுக்குக் கடிதம் எழுதச் சொல்லாது.

நான் என் இரண்டாவது புள்ளடியை மணிக்கூட்டுக்குப் போட்டேன். உங்களுக்காக அல்ல. "நாம குடுப்பம்" என்ற காக்காவின் கையில் அடித்துச் சொன்னபோது, அது ஒரு தேர்தலுக்கு மட்டும் என்று நான் சொல்லவில்லை. இது மைமூனாவுக்கும் தெரியாது. தெரிந்தால் இந்த ஊரில் எங்களுக்கு இருக்க ஏலாது. ஆகவே இதை நீங்கள் யாரிடமும் சொல்லாமல் இருக்க வேண்டும். உங்களிடம் நான் கேட்பது இது ஒன்றுதான்.

லாஞ்சியில் இனிக் கடிதம் கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
மு. ஜவாஹிர்